பேனருக்குப் பின்னால் இருக்கிற களம்

தம்பி,

நீ போனில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். புதுக் கேமரா, இரண்டு லென்ஸ், பை, முக்காலி, மெமரி கார்டு, எல்லாம் சேர்த்து மாதத் தவணை என்று சென்னைக் கடைக்காரன் ஒரு காகிதத்தில் எழுதிக்கொடுத்தானே, அந்தப் படம். அதற்குக் கீழே "வாங்கட்டுமாம்மா?" என்று கேட்டிருந்தாய். வாங்காதே. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும், உனக்குப் பஸ் வரும், பாதியில் வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுவதும் படி. நம் தெருப் பிள்ளைகளுக்கும் இதைப் படித்துக்காட்டப் போகிறேன். இதில் பாதி கேமராவைப் பற்றியது, பாதி களத்தைப் பற்றியது. இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

கேமராவே பிடிக்காதவள் என்ன சொல்ல வந்துவிட்டாள் என்று அந்தக் கடைக்காரன் சிரித்தால் சிரிக்கட்டும். நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதிலிருந்து குடவாசல் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆல்பம் செய்தவள் நான். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, தையில் வரும் கபடிப் போட்டி என்று எல்லாப் படமும் என் கண்ணைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். எந்தப் படம் எந்த லென்ஸில், எவ்வளவு வேகத்தில் எடுத்தது என்று ஃபைலே சொல்லும். எடுத்தவன் சோம்பேறியா, பயந்தவனா, சாப்பாட்டுப் பந்திக்கு அவசரப்பட்டவனா என்பது படத்திலேயே தெரியும். ஒருமுறை முதலாளியிடம், "சார், கபடிக்கு நானும் ஒரு கேமரா எடுத்துக்கிட்டுப் போறேன்" என்று கேட்டேன். "பொம்பளைங்களுக்கு அது சரிப்படாதும்மா, கூட்டம் இடிக்கும்" என்றார். ஆடுகிறவர்களே பெண்கள் என்கிற போட்டிக்கு, படம் எடுக்கப் பெண் போகக்கூடாதாம். கல்யாண மண்டபத்தில் மட்டும் கூட்டம் இடிக்காதா என்ன?

சரி, கேமராவுக்கு வருகிறேன். கடைக்காரன் உன் தலையில் கட்டப் பார்க்கும் அந்த இரண்டு லென்ஸும் நல்ல வெயிலுக்கு ஆனவை. லென்ஸின் மேல் 1.8, 4, 5.6 என்று ஓர் எண் இருக்கும். எண் சின்னதாக இருந்தால் வாய் பெரிது. மதகு என்று நினைத்துக்கொள். அகலமாகத் திறந்தால் சட்டென்று வயல் நிரம்பும். கொஞ்சமாகத் திறந்தால் நெடுநேரம் திறந்தே கிடக்க வேண்டும். கபடியில் நெடுநேரம் திறந்துவைக்க முடியாது. கபடி கபடி என்று பாடிப் போகிறவள் கால் நீட்டித் தொட்டு இழுப்பது கண் சிமிட்டும் நேரத்தில் நடக்கிறது. ஒரு வினாடியை ஐந்நூறு பங்காக்கி அதில் ஒரு பங்குக்கு மேல் ஷட்டர் திறந்திருந்தால், படத்தில் அவள் கால் கஞ்சியாகக் கரைந்துவிடும். நம் ஊர்ப் போட்டி மதியம் தொடங்கி விளக்கு வெளிச்சத்தில் முடிகிறது. அந்த மங்கல் விளக்கில் 5.6 லென்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? கேமரா வெளிச்சத்தை உணர்கிற அளவை, அந்த ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுவாய். அது கடைமடையில் இன்ஜின் வைத்து இறைக்கிற மாதிரி. தண்ணீர் வரும், கூடவே சேறும் வரும். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது அந்தச் சேறுதான். ஓரளவு சேறு பரவாயில்லை. புள்ளி விழுந்தாலும் கூர்மையாக இருக்கிற படத்தை என்னால் தேற்ற முடியும். கலங்கிய படத்தை யாராலும் தேற்ற முடியாது.

ஆகவே லென்ஸ் இல்லாத வெறும் கேமராவை, பாடி என்கிறார்களே, அதைப் பழையதாக வாங்கு. இரண்டு தலைமுறை பழைய மாடல் போதும். ஓடுகிற ஆளை விடாமல் பிடிக்கிற ஃபோகஸ் இருக்கிறதா, விரலை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து படபடவென்று எடுக்கிறதா, அதை மட்டும் பார். எத்தனை மெகாபிக்சல் என்று பேச ஆரம்பிக்கிறவன் கடையில் நிற்காதே. மிச்சமாகிற பணத்தை லென்ஸில் போடு. 85 எம்.எம்., 1.8 வாய் உள்ளது ஒன்று, 35 எம்.எம்., 1.8 வாய் உள்ளது ஒன்று. இரண்டும் ஜூம் ஆகாது. கிட்டே போக வேண்டுமென்றால் நீதான் நகர வேண்டும், அது உனக்கு நல்லது. தூரத்தில் உள்ளதைக் கிட்டே இழுக்கிற பெரிய வெள்ளை லென்ஸ் மேல் ஆசைப்படாதே. என்றைக்காவது கிரிக்கெட்டுக்கு வேண்டுமென்றால் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கொள். முக்காலி வேண்டவே வேண்டாம். கபடிக் கோட்டோரம் முக்காலி வைத்தால் பிடிக்கப் பாய்கிறவர்கள் அதன்மேல்தான் விழுவார்கள்.

பழைய லென்ஸ் வாங்கும்போது போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பார். உள்ளே சிலந்தி வலை மாதிரித் தெரிந்தால் பூஞ்சை, வாங்காதே. வாங்கியதைச் செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா பொட்டலங்களோடு இறுக்கமாக மூடும் டப்பாவில் வை. போன் தண்ணீரில் விழுந்தால் அரிசிக்குள் போடுகிற ஊர் நம்முடையது. ஐப்பசி மழையில் நான் வீட்டுக்குக் கொண்டுவந்த ஸ்டுடியோ லென்ஸை உங்கப்பா நல்லது செய்வதாக நினைத்து நெல் மூட்டைக்குள் புதைத்துவைத்தார். "நெல்லு ஈரத்த இழுக்கும்டி" என்றார். அது மழையோடு அறுத்து, காயவைக்கக்கூட இடமில்லாமல் கட்டிய குறுவை நெல். புழுங்கிப் புழுங்கித் தன் ஈரத்தையெல்லாம் லென்ஸுக்குள் ஏற்றிவிட்டது. எடுத்துப் பார்த்தால் கண்ணாடி முழுக்க வலை. இன்றைக்கும் அவர், "நெல்லு மேல தப்பில்ல, லென்ஸ் மட்டம்" என்றுதான் சொல்கிறார்.

ஃபிளாஷ் அடிக்காதே. போன தையில் கௌசல்யா, அதுதான் நம் தெருப் பெண்கள் அணியின் கேப்டன், நாலு பேர் நடுவில் நிற்கையில் ஸ்டுடியோக்காரர் ஒருவர் முகத்துக்கு நேராகப் பளீரென்று அடித்தார். கண் கூசிக் கோட்டை மிதித்து அவுட் ஆனாள். ஆட்டம் முடிந்ததும் நேராக அவரிடம் போய், "அண்ணே, ஒங்க வெளிச்சத்த மேடைக்கே அடிங்க, அங்கதான் மூஞ்சி எல்லாம் இருட்டா இருக்கு" என்றாள். கூட்டம் சிரித்த சிரிப்பு உனக்கும் நினைவிருக்கும். பாடி வருகிறவளின் முகம் தெரிய வேண்டுமென்றால், பிடிக்கிற அணிக்குப் பின்னால், கடைசிக் கோட்டின் மூலையில், தரையில் உட்கார். நின்று எடுத்தால் உச்சந்தலைதான் வரும்.

85 எம்.எம். எதற்கு என்று புரிந்திருக்கும். முகம், பல்லைக் கடிக்கிற கடி, இடுப்பைப் பிடித்த கை, எல்லாம் அதில் வரும். பின்னால் உள்ளதெல்லாம் பால் மாதிரி மங்கிப்போகும். கடைக்காரர்கள் விற்பதே அந்தப் பாலைத்தான். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஆட்டம் எந்த ஊரில், யார் மண்ணில் நடந்தது என்று அந்தப் படம் சொல்லாது. அதனால்தான் 35 வேண்டும் என்கிறேன்.

களம் உனக்குத் தெரியும். அதன் பழங்கதை தெரியாத தெருப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நம் தெருவுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில், கதிர் அடிப்பதற்கென்று அரசாங்கம் விட்டுவைத்த புறம்போக்கு அது. உன் தாத்தா காலத்து ஆட்கள் அங்கேதான் கூலி நெல்லை அளந்து வாங்கினார்கள். அரை மரக்கால் கூட்டிக் கேட்டு அங்கேதான் உட்கார்ந்தார்கள். நிலக்காரர்களின் ஆட்கள் அடிக்க வந்ததும் அங்கேதான். உழுகிறவனுக்கு நிலம் என்று மேடைக்கு மேடை பேசினார்கள், ஆட்சி மாறிற்று, மறுபடி மாறிற்று. நம் தெருவுக்கு வந்தது குடிசை போடும் அளவுக்கு ஒரு மனை. மிஷின் அறுக்க வந்தபின் களத்தில் அடிப்பு நின்றது. பிள்ளைகள் சுண்ணாம்பால் கோடு போட்டு ஆட ஆரம்பித்தார்கள். மேலத்தெருப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட மைதானம் இருக்கிறது, கிளப் இருக்கிறது. நம் பெண் பிள்ளைகள் யாரிடமும் அனுமதி கேட்காமல் போய் நிற்கக்கூடிய ஒரே தரை அதுதான்.

அந்தத் தரையைத்தான் ரைஸ்மில்காரர் கேட்கிறார். எந்தக் கட்சி வந்தாலும் அவர் வேட்டியின் கரை மட்டும் மாறும், மில் மாறாது. "களம் சும்மாக் கிடக்கிறது, அதை மில்லுக்குக் கொடுங்கள், பதிலுக்கு வேறு நிலம் தருகிறேன்" என்று மனுப் போட்டிருக்கிறார். வேறு நிலம் என்பது வடிகால் ஓரத்தில் பாதி வருஷம் தண்ணீர் நிற்கிற குட்டை. அதில் தவளைதான் கபடி ஆடலாம்.

ஆவணி கடைசியில் தாசில்தார் ஜீப்பில் வந்து களத்தைப் பார்த்தார். நான், உங்கப்பா, கௌசல்யா, இன்னும் நாலைந்து பேர் ஓடினோம்.

"இங்க என்னம்மா நடக்குது?"

"கபடிங்க சார்."

"ஒரு ஆளக்கூடக் காணோமே."

"பட்டப்பகல் பன்னெண்டு மணிக்கு யாரு சார் ஆடுவாங்க? ஒங்க ஜீப்பே நெழலாப் பாத்துல்ல நிக்குது" என்றாள் கௌசல்யா.

அவர் கோபப்படவில்லை. "வருஷா வருஷம் போட்டி நடக்குதுன்னா போட்டோ இருக்குமே, கொண்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் சந்தோஷப்பட்டோம். போட்டோவுக்கா பஞ்சம்? ஒவ்வொரு தைக்கும் ஆல்பம் போட்டவளே நான்தானே. போட்டி நடத்தும் நம் தெருக் கமிட்டியின் பீரோவில் இருந்த ஆல்பங்களையெல்லாம் துணிப்பையில் போட்டுக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனோம். அவர் ஒன்று விடாமல் புரட்டினார்.

"இதுல மில்காரர் சால்வை போடறாரு. இதுல அவருக்குச் சால்வை போடறாங்க. இது ஒன்றியம். இது கோப்பை. களம் எங்கம்மா?"

"பின்னாடி இருக்குங்க சார்."

"பின்னாடி பேனர்தானே இருக்கு."

"பேனருக்குப் பின்னாடி சார்."

"பேனருக்குப் பின்னாடி இருக்கறத நான் எப்படிம்மா எழுதறது?"

ஆல்பத்தை வாங்கி நானே புரட்டினேன் தம்பி. நாலு பக்கமும் பேனர். இந்தக் கட்சித் தலைவர், அந்தக் கட்சித் தலைவர், மாவட்டம், ஒன்றியம், மில்காரர், மில்காரர் மகன், மில்காரர் மகனின் கைக்குழந்தை. வாய்க்கால் தெரியவில்லை, தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை, நம் வீட்டுக் கூரை ஒன்றுகூடத் தெரியவில்லை. ஸ்டுடியோ ஆட்கள் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி மேடையைத்தான் எடுத்திருந்தார்கள். ஆட்டத்தை எடுத்த சில படங்களிலும் பின்னால் வெறும் பால். அதற்கப்புறம்தான் தாசில்தார் இன்னொரு காகிதத்தைக் காட்டினார். போட்டிகள் எல்லாமே தன் மில் வளாகத்தில், தன் செலவில் நடந்தவை என்று மில்காரர் எழுதிக்கொடுத்திருக்கிறார். சாட்சிக்கு என்ன வைத்திருக்கிறார் தெரியுமா? அதே படங்களை. நான் நிறம் திருத்திய படங்களை.

அந்தப் பேனர்களை நமக்காக அவரா கட்டினார்? நம் ஆட்கள்தானே கட்டினார்கள். எந்தத் தலைவர் படம் உயரம் என்று சண்டை போட்டுக் கட்டினார்கள். பிழைப்புக்காகப் பனைமரம் ஏறாத உங்கப்பா, பேனர் கயிறு கட்ட சவுக்குக் கம்பத்தில் ஏறினார். அந்தப் பரிசுப் படங்களில் நான் பலமுறை பார்த்துப் பல்லைக் கடித்தது ஒன்று உண்டு. மில்காரர் கோப்பையை எப்படிக் கொடுப்பார் என்று கவனித்திருக்கிறாயா? இரண்டு விரலால் கோப்பையின் காதைப் பிடித்துக் கையை நீட்டுவார். வாங்குகிற பெண் அடியைத் தாங்கிக்கொள்ள வேண்டும். அவர் கை அவள் கையில் பட்ட படம் ஒன்றுகூட இல்லை. இதற்குத்தான் நாம் நாலு பக்கமும் துணி கட்டி, நம் தரையை நாமே மறைத்தோம்.

மறுநாளிலிருந்து ஸ்டுடியோவில் பழைய ஹார்ட் டிஸ்க்குகளைத் தோண்டினேன். மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதே வேலை. கடைசியில் ஒன்று கிடைத்தது. பேனர் கட்டுவதற்கு முன்னால், வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று எவனோ சோதித்துப் பார்த்த படம். ஆல்பத்துக்கு ஆகாது என்று நானே ஒதுக்கியது. சின்ன 35 லென்ஸ். கௌசல்யா குனிந்து முழங்காலில் துணி சுற்றுகிறாள். சுண்ணாம்புக் கோடு தெரிகிறது, வாய்க்கால் தெரிகிறது, தொட்டி தெரிகிறது, நம் வீட்டு வாசலில் காயும் உன் பச்சைச் சட்டை தெரிகிறது. எடுத்த தேதியும் ஃபைலுக்குள் இருக்கிறது. அதைப் பிரதி எடுக்கும்போது முதலாளி வந்து நின்றார்.

"அது கஸ்டமர் படம்மா. வெளிய போகக்கூடாது."

"யாரு சார் கஸ்டமர்?"

"காசு குடுத்தவரு. மில்காரரு. தெரியாத மாதிரி கேக்கற?"

"கபடி ஆடுனது அவரா சார்?"

"வீம்பு பேசாத. நாளைக்கு நான் அவர் மூஞ்சில முழிக்கணும்."

"நான் எங்க தெரு மூஞ்சில முழிக்கணும் சார்."

பிரதியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அன்றோடு அந்த வேலை போயிற்று. உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன், பதறாதே. நாச்சியார்கோவிலில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் வேலையை வீட்டுக்கே அனுப்புகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஒரு படத்தைத் தாசில்தார் வெகுநேரம் பார்த்தார். "இதுல எடம் தெரியுது. ஆனா ஒரு பொண்ணு குனிஞ்சு நிக்கறதப் போட்டின்னு நான் எப்படி எழுத?" என்றார். பிறகு, "தையில போட்டி இருக்குல்ல? எடமும் ஆட்டமும் ஒண்ணாத் தெரியற மாதிரி எடுத்துக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் கோப்பு என் மேசையிலயே இருக்கும்" என்றார். நல்லவரா, தட்டிக்கழிக்கிறாரா, எனக்குத் தெரியாது. தை முடியும்வரை நேரம் இருக்கிறது, அவ்வளவுதான். இப்போது புரிகிறதா, ஏன் கடைக்காரன் சொல்கிற லென்ஸை வாங்காதே என்று கத்துகிறேன் என்று? குடவாசலில் உள்ள ஸ்டுடியோ ஒன்றும் இந்த வருடம் நமக்கு வராது. மில்காரர் சொல்லிவைத்துவிட்டார். நீதான் எடுக்க வேண்டும்.

போன வாரம் கமிட்டி கூடிற்று. இந்த முறை களத்தைச் சுற்றி ஒரு பேனரும் கூடாது என்று நான் சொன்னேன். ஒரே கூச்சல். கூச்சல் போட்டதில் முதல் ஆள் உங்கப்பா. "தலைவர் படம் இல்லாம போட்டியா? நாளைக்கு எவன்டி நம்மள மதிப்பான்?" என்றார்.

கௌசல்யா எழுந்தாள். "மாமா, தலைவரு எங்க டீமுக்குப் பிடிக்க வராருன்னா சொல்லுங்க. நானே கம்பத்துல ஏறிக் கட்டறேன்."

"மில்காரரு கோப்பை தரமாட்டாரேம்மா" என்றது ஒரு குரல்.

"காத மட்டும் அவரே வச்சுக்கட்டும்" என்றாள்.

கோப்பையைப் படத்தில் பார்த்துப் பல்லைக் கடித்தவள் நான் ஒருத்தி மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

உங்கப்பா கட்சியில் இருக்கிற காலம் எங்கள் கல்யாணத்தைவிடப் பழையது. இரண்டாம் நாள் காலையில் பரண்மேல் இருந்த பழைய பேனர்களையெல்லாம் இறக்கினார். ஒன்றைப் பிரித்து, தலைவர் முகம் மண்ணில் படுமே என்று கொஞ்சம் தயங்கினார். பிறகு நாலாக மடித்தார், முகம் உள்ளே போகிற மாதிரி, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி. களத்துக்கு எடுத்துப்போய்க் கடைசிக் கோட்டின் மூலையில் போட்டுப் பார்த்தார். உட்கார்ந்தார். வாய்க்கால் தெரிகிறதா, தொட்டி தெரிகிறதா என்று தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். எழுந்து ஒரு முழம் தள்ளிப் போட்டார். மறுபடி உட்கார்ந்தார். கபடியில் முழங்கால் உடைந்து ஆட்டத்தை விட்ட மனுஷன், மூன்று முறை உட்கார்ந்து எழுந்தார். "இங்கேர்ந்து பாத்தா நம்ம வீடும் வருது. அவனுக்குத் தரை ஈரமா இருக்கும், இதப் போட்டுக்கச் சொல்லு" என்றார்.

போகிக்கு முதல் நாள் வந்துவிடு. 35-ஐ மாட்டிக்கொண்டு வா, 85 பையில் இருக்கட்டும். இடம் தயாராக இருக்கிறது. மேடையில் யாராவது உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், சால்வை போடுகிறோம், ஒரு படம் எடு என்பார்கள். திரும்பாதே. உங்கப்பா போட்ட இடத்தில், மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்.

அம்மா